உயரம் எங்கிருந்து அளக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்

வெள்ளம் வரும் பகுதியில் வீடு கட்டுகிறீர்களா? வீட்டின் தரை இத்தனை அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்று விதி சொல்லும். அந்த உயரத்தை எங்கிருந்து அளக்கிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். இருபது வருடமாக வீட்டு வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன.

என் ஆரம்ப நாட்களில் ஒரு வீட்டுக்குச் சாலையிலிருந்து இரண்டடி உயர்த்தி பேஸ்மட்டம், அதாவது சுவர் எழும்பும் அடிமேடை, போட்டோம். விதிப்படி சரி. அப்புறம் சாலையை இரண்டு முறை உயர்த்திப் போட்டார்கள். மூன்று வாசற்படிகளில் இரண்டு மண்ணுக்குள் போய்விட்டன. அடுத்த பெருமழையில் கூடத்தில் நான்கு நாள் தண்ணீர் நின்றது. அந்த வீட்டு அம்மா நிலைக்கதவின் அடியைத் தொட்டுக் காட்டினார். மரம் ஊறி, நார் நாராக விரலோடு வந்தது. அன்றிலிருந்து சாலையை நம்பி நான் மட்டம் குறிப்பதில்லை.

மனை எந்த வெள்ள மண்டலத்தில் இருக்கிறது, வெள்ள மட்டம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பதை கட்டட அனுமதி தரும் அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். ஆறு, கால்வாய் ஓரம் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சர்வேயரை வைத்து அந்த வெள்ள மட்டத்தை மனையருகே அசையாத ஒன்றின் மேல் குறித்துக்கொள்ளுங்கள். கொத்தனார் டியூப் லெவலில் (தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் குழாய்) அந்த மட்டத்தைக் கொண்டுபோகும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் மட்டம் தப்பிவிடும்.

அந்த மட்டம் ‘நூறாண்டு வெள்ள’ மட்டம் என்று சொன்னால், அதைக் கேட்டு நிம்மதியாகிவிட வேண்டாம். நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்று அதற்கு அர்த்தமில்லை. ஒவ்வொரு வருடமும் 1 சதவீத வாய்ப்பு. 30 வருடம் குடியிருந்தால் ஒருமுறையாவது வரும் வாய்ப்பு 26 சதவீதம். ஆகவே விதி சொல்லும் மட்டத்துக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே ஏற்றுங்கள். பின்னால் வீட்டை உயர்த்துவதைவிட இப்போது இரண்டு வரிசை கல் கூடுதலாக வைப்பது எவ்வளவோ சுலபம்.

மண் கொட்டி மனையை உயர்த்தப் போகிறீர்கள் என்றால் தனி அனுமதி வேண்டுமா என்று விசாரியுங்கள். நம் மனையில் இடமில்லாத தண்ணீர் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். தூண் மேல் வீட்டை நிறுத்துவதையே நான் முதலில் சொல்வேன்.

கீழ்த்தளத்தைச் சுவர் வைத்து அடைத்தால் தண்ணீர் உள்ளே வந்து போகத் திறப்புகள் வேண்டும். வெளியே மட்டும் ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 500 கிலோ எடைக்குச் சமமான விசை தள்ளும். அமெரிக்க விதியில் இதற்கு அளவே உண்டு: அடைத்த பரப்பு ஒரு சதுர அடிக்கு ஒரு சதுர அங்குலம் திறப்பு, குறைந்தது இரண்டு திறப்புகள்.

மின் மீட்டர், மெயின் போர்டு, மோட்டார் எல்லாம் வெள்ள மட்டத்துக்கு மேலே. கழிவுநீர்க் குழாயில், தண்ணீர் வீட்டுக்குள் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு. மழைக்காலத்தில் சம்ப் எனும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியைக் காலியாக விடாதீர்கள். நிலத்தடி நீர் ஏறினால் காலித் தொட்டி மிதந்து மேலே வந்துவிடும்.

பேஸ்மட்டம் முடிந்ததும், சுவர் எழுப்பும் முன்பே, சர்வேயரைக் கூப்பிட்டு மட்டத்தை அளந்து கையெழுத்துடன் வாங்குங்கள். ஒரு அங்குலம் குறைந்தாலும் அன்றைக்குத்தான் சரிசெய்ய முடியும்.