மாரா புல்வெளியில் விலங்குகள் இரை தின்பதைப் பார்ப்பது எப்படி?

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்கு முதல் முறை போனபோது, மூன்று நாள் சுற்றியும் வயிறு நிறைந்து படுத்துக் கிடந்த சிங்கங்களைத்தான் பார்த்தேன். இரண்டாவது முறை செத்த வரிக்குதிரை ஒன்றின் பக்கத்தில் ஐந்து மணி நேரம் இருந்தேன். இரண்டுக்கும் இடையில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். விசா, டிக்கெட், தங்குமிடம் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

படி 1: முந்தின இரவே டிரைவரிடம் பேசுங்கள்

வருகிறவர்கள் எல்லாரும் சிங்கம், சிறுத்தை, யானை என்று வரிசையாகக் கேட்பதால் டிரைவரும் அதற்கேற்ப ஓடிக்கொண்டே இருப்பார். "ஒரே இடத்தில் அரை நாள் நின்றாலும் சம்மதம், ஃபிசி போகிற பக்கம் போவோம்" என்று சொல்லிவிடுங்கள். சுவாஹிலியில் ஃபிசி என்றால் கழுதைப்புலி. காலைச் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு, ஆறு மணிக்கு கேட் திறக்கும்போதே உள்ளே போய்விட வேண்டும்.

படி 2: விடியலில் கழுதைப்புலி

மோப்பம் பிடித்தபடி நின்று நின்று போகிற கழுதைப்புலியை விட்டுவிடலாம். தலையைத் தூக்கி, ஒரே திசையில், நிற்காமல் ஓடுகிற கழுதைப்புலிதான் வேண்டும். இரண்டு மூன்று அப்படி ஓடினால் யோசிக்கவே வேண்டாம், பின்னாலேயே போங்கள்.

அப்புறம், சிங்கம் தின்கிறது, கழுதைப்புலிகள் சுற்றி நிற்கின்றன என்றால் கொன்றது சிங்கம்தான் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். கழுதைப்புலிகளின் வாயிலும் கழுத்திலும் ரத்தக் கறை இருக்கிறதா பாருங்கள். 1960-களில் ஹான்ஸ் குரூக் என்ற ஆய்வாளர் பக்கத்து நாடான டான்சானியாவின் கொரொங்கோரோவிலும் செரெங்கெட்டியிலும் இரவெல்லாம் அவற்றைப் பின்தொடர்ந்தார். கொரொங்கோரோவில் அவை தின்பதில் பெரும்பகுதி தாங்களே வேட்டையாடியது என்றும், சிங்கம் வந்து பிடுங்கிக்கொள்வதும் உண்டு என்றும் காட்டியவர் அவர்தான்.

படி 3: வானத்தைப் படிப்பது

பிணந்தின்னிக் கழுகுகளைப் பாறு என்ற பழைய பெயராலேயே சொல்கிறேன். உடல் கனத்த பறவை. தரை சூடாகி, காற்று மேலெழும்பினால்தான் அதனால் சிரமமில்லாமல் உயர முடியும். அதனால் எட்டரை, ஒன்பது மணிக்கு முன் வானத்தைப் பார்த்துப் பெரிய பயனில்லை.

முதல் பயணத்தில் ஒரு காலை முழுவதையும் நான் தொலைத்தது இந்தப் படியில்தான். தூரத்தில் முப்பது பாறுகள் வட்டமடித்தன. கீழே ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நினைத்து அங்கே போனோம். வெறும் புல். இன்னொரு வட்டம் தெரிந்தது, அங்கேயும் ஓடினோம். அங்கேயும் ஒன்றுமில்லை. வட்டமடிக்கிற பாறு பெரும்பாலும் சூடான காற்றில் உயரம் ஏறிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

தேட வேண்டியது இறங்குகிற பாறு. இறக்கையைப் பாதி மடக்கி, கால்களைத் தொங்கவிட்டு, சாய்ந்த கோடாக வேகமாக வரும். வேறு வேறு திசைகளிலிருந்து ஒவ்வொன்றாக ஒரே புள்ளிக்கு வந்தால் அந்த இடம்தான். தலைக்கு மேலே கடந்தால் இறகில் காற்று கிழிபடும் சத்தம் கேட்கும். இவை மோப்பம் பிடித்து வருவதில்லை, எல்லாம் கண்தான். ஒன்று இறங்குவதை இன்னொன்று பார்க்கிறது, அதைப் பார்த்து அடுத்தது. 1973-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் அபிஜான் நகருக்கு மேலே சுமார் 11,300 மீட்டர் உயரத்தில் ரூப்பெல் என்ற இனத்துப் பாறு ஒன்று விமானத்தில் மோதியிருக்கிறது. வெறுமையாகத் தெரிகிற வானத்திலிருந்து பத்து நிமிடத்தில் நாற்பது பறவைகள் எப்படி வருகின்றன என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது.

வந்த பறவைகள் தரையில் இறங்காமல் மரத்தில் உட்கார்ந்து ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. இரையைச் சிங்கம் இன்னும் விடவில்லை என்று அர்த்தம்.

படி 4: வண்டியை நிறுத்துவது

காப்பக விதிப்படி 25 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் கூடாது. மற்றவர்கள் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் இடம் விட வேண்டும். பாதையை விட்டு இறங்கக் கூடாது. நம் ஊர்க் கரிசல் போன்ற மண், மழை பெய்தால் சக்கரம் புதைந்துவிடும். வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும். எஞ்சினை அணைத்துவிடுங்கள். இரைக்கும் புதருக்கும் நடுவே நிற்காதீர்கள், விலங்குகள் வந்து போகிற வழி அதுதான்.

சிவிங்கிப்புலி (சீட்டா) என்றால் இன்னும் தள்ளியே நில்லுங்கள். ஓடிக் களைத்து, மூச்சு இரைத்து, அப்புறம்தான் அது தின்னும். தின்னும்போதும் தலையைத் தூக்கித் தூக்கிச் சுற்றிலும் பார்க்கும். சுற்றுலா வண்டிகள் அதிகம் திரியும் பகுதிகளில் தாய்களிடம் மிகக் குறைவான குட்டிகளே பிழைத்து வளர்கின்றன என்று மாராவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஒரு படம் குறைந்தால் பரவாயில்லை.

படி 5: சிங்கம் போனதும் கிளம்பாதீர்கள்

பெரும்பாலான வண்டிகள் கிளம்புகிற நேரம் அது. எனக்கு அந்த ஐந்து மணி நேரத்தில் மிகவும் பிடித்தது அதற்குப் பிறகு பார்த்ததுதான்.

முதுகு கறுத்த நரி இரண்டு, குடலின் ஒரு துண்டை இழுத்துக்கொண்டு ஓடின. கழுதைப்புலிகள் வாலைத் தூக்கிக்கொண்டு வந்தன. ஒன்று தொடை எலும்பைக் கடைவாயில் வைத்துக் கடித்தது, காய்ந்த விறகு முறிகிற சத்தம். இப்படி எலும்பைத் தின்பதால்தான் அதன் எச்சம் சுண்ணாம்பாக வெளுத்திருக்கும். அவை நகர்ந்ததும் வெண்முதுகுப் பாறுகளும் ரூப்பெல் பாறுகளும் விலா எலும்புக்குள் கழுத்து வரை தலையை விட்டன. ஒன்று தலையை வெளியே இழுத்தபோது கண் வரை ரத்தம், தொண்டைப் பை உப்பி இறகை விலக்கிக்கொண்டு நின்றது. அப்போது லாப்பெட் என்ற பெரிய இனத்துப் பாறு இறக்கையை விரித்துத் தத்தித் தத்தி வந்தது. மற்றவை வழி விட்டன. தடித்த தோலையும் நாரையும் கிழிக்க அதன் அலகால்தான் முடியும். முக்காடு போட்டது போன்ற சின்னப் பாறு ஓரத்தில் சிதறியதைப் பொறுக்கியது.

கருவி

8x42 பைனாகுலர் போதும். 10x வண்டியில் ஆடிக்கொண்டே இருக்கும், எனக்குப் பிடிக்கவில்லை. ட்ரைபாடு வேண்டவே வேண்டாம். வெறும் துணிப் பையைக் கொண்டுபோய், நைரோபியில் இரண்டு கிலோ காய்ந்த பீன்ஸ் விதை வாங்கி நிரப்பிக் கேமராவுக்கு அடியில் வையுங்கள்.

பின்சேர்க்கை

படித்த ஒருவர், ஒரு சடலத்தைச் சுற்றிப் பாறுகளே செத்துக் கிடந்ததாக எழுதியிருந்தார். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மாட்டை அடித்த சிங்கத்தையோ கழுதைப்புலியையோ கொல்ல, சடலத்தில் கார்போஃபியூரான் போன்ற பூச்சிமருந்தை வைப்பவர்கள் உண்டு. கூட்டமாக வந்து தின்பதால் ஒரே சடலத்தில் பாறுகள் டஜன் கணக்கில் சாகின்றன. ஆப்பிரிக்க வெண்முதுகுப் பாறு இன்று மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அப்படி எதையாவது பார்த்தால் இறங்காதீர்கள், எதையும் தொடாதீர்கள். போனில் இடத்தைக் குறித்துக்கொண்டு, உடனே ரேடியோவில் ரேஞ்சர்களுக்குச் சொல்லும்படி டிரைவரிடம் கேளுங்கள். சடலத்தை அவர்கள் சீக்கிரம் அப்புறப்படுத்தினால் அடுத்து இறங்கப்போகும் பறவைகளாவது பிழைக்கும்.