ஆதிக் கற்கருவிகளை ஆராயும் தொல்லியலாளர் ஆக: படிப்பு, பயிற்சி, களவேலை

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் பூட், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த நிலவியலாளர். சரளை மண்ணைப் பார்த்துப் பழகிய கண் இருந்ததால்தான் அந்தக் கல்லை அவரால் அடையாளம் காண முடிந்தது. இன்றும் இத்துறைக்கு வர விரும்புகிறவர் முதலில் படிக்க வேண்டியவை கல்லும் மண்ணும்தான். கல்வெட்டு, கோயில், நாணயம் என்று தொல்லியலுக்குள் வருபவர்கள் கற்காலத்தில் திணறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் வழி உண்டு. ஆனால் இளநிலையில் நிலவியலோ புவியியலோ படித்தால் பாதி வேலை முடிந்தது. வரலாறு படித்தவர்கள் பாறை வகை, ஆற்றுப் படிவு, புள்ளியியல் ஆகிய மூன்றையும் தனியாகக் கற்றே ஆக வேண்டும். பிறகு தொல்லியலில் இரண்டு ஆண்டு முதுகலை. புனே டெக்கான் கல்லூரியும் பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகமும் தொல்பழங்கால ஆய்வில் நீண்ட மரபு உள்ளவை. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் தொல்லியல் துறைகள் உண்டு. சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அங்கே கற்கருவி ஆய்வில் வழிகாட்டக்கூடிய பேராசிரியர் இப்போது இருக்கிறாரா?

அடுத்தது கண்ணைப் பழக்குவது. மனிதன் உடைத்த கல்லையும் ஆறும் வெயிலும் உடைத்த கல்லையும் பிரித்தறிவதுதான் இத்தொழிலின் உயிர். மூலக்கல்லின் (சில்லுகள் உரிக்கப்படும் கல்லின்) விளிம்பில் ஓங்கி அடித்து உரித்த சில்லில் அடி விழுந்த சிறு மேடை இருக்கும். அதற்குச் சற்றுக் கீழே, உட்புறத்தில் ஒரு புடைப்பு, அங்கிருந்து விரியும் மெல்லிய அலைகள். மூலக்கல்லில் அதே இடத்தில் ஒரு குழிவு. ஒரே ஒரு குழிவை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஆற்றில் உருளும் கல்லிலும் அது வரும். இரண்டு முகத்திலும் ஒழுங்கான வரிசையில் சில்லுகள் எடுத்த தழும்புகள் இருக்கிறதா, அவை ஒரு விளிம்பை உருவாக்குகின்றனவா என்று பாருங்கள்.

ஃபிளின்ட் என்ற வழவழப்பான ஐரோப்பியக் கல்லில் செய்த கருவிகளின் படங்களை மட்டும் பார்த்துப் பழகியவர்கள் தமிழகத்தில் தவறுவதற்கு ஒரு காரணம் உண்டு. கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் கருவிகள் பெரும்பாலும் குவார்ட்சைட்டில் செய்யப்பட்டவை. மணிகள் இறுகிய அந்தக் கல்லில் அலைகள் மங்கலாகவே தெரியும், புடைப்பும் தட்டையாக இருக்கும். கல்லைக் கையில் எடுத்து, பக்கவாட்டிலிருந்து ஒளி விழும்படி மெல்லத் திருப்பிப் பார்த்தால்தான் தழும்பின் எல்லை பிடிபடும். எழும்பூர் அருங்காட்சியகத்திலும் பூண்டி தொல்பழங்கால அகழ்வைப்பகத்திலும் ஒரு நாள் முழுக்கச் செலவிடுவது வீண் போகாது.

கல் உடைக்கத் தெரியாமல் கருவியைப் படிக்க முடியாது. உடைப்பதற்கு ஒன்றிரண்டு கிலோ எடையுள்ள, விரிசல் இல்லாத குவார்ட்சைட் கல் ஒன்றும், அடிப்பதற்கு உள்ளங்கைக்கு அடங்கும் அரைக் கிலோ உருண்டைக் கூழாங்கல் ஒன்றும் போதும். அடிக்கும் தளத்துக்கும் சில்லு உரியும் முகத்துக்கும் இடையிலான கோணம் 90 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். விளிம்பிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உள்ளே அடியுங்கள். மிக ஓரத்தில் அடித்தால் விளிம்பு நொறுங்கும். மிக உள்ளே அடித்தால் சில்லு வராது, கல்லுக்குள் விரிசல்தான் விழும். அடியில் பலம் போதாவிட்டால் சில்லு பாதியிலேயே ஒடிந்து படிக்கட்டுபோல் நிற்கும். அந்தப் படியைத் தாண்டி அடுத்த சில்லை எடுப்பது கடினம். பழைய கருவிகளிலும் இதே படிகளைக் காணலாம், செய்தவர் எங்கே தடுமாறினார் என்று அவை காட்டும்.

பாதுகாப்புக் கண்ணாடி, தோல் கையுறை, தொடைமேல் தடித்த தோல், திறந்த வெளி ஆகிய நான்கும் கட்டாயம். கல்தூசி நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் நோயைத் தரும். கீழே தார்ப்பாய் விரித்து, கடைசித் துணுக்கு வரை அள்ளி, தேதி எழுதிய பையில் கட்டி வையுங்கள். புதுச் சில்லுகளை ஆற்றங்கரையில் கொட்டிவிட்டால், பின்னால் வரும் ஆய்வாளர் அவற்றையும் பழையவை என்று எண்ணிவிடக்கூடும்.

ஆய்வகத்தில் ஒவ்வொரு கருவிக்கும் நீளம், அகலம், தடிமன் (மில்லிமீட்டரில்), எடை, மூலப்பொருள், மேல்தோல் (கல்லின் இயற்கையான வெளிப்பரப்பு) மிஞ்சியுள்ள விழுக்காடு, தழும்புகளின் எண்ணிக்கையும் வரிசையும், விளிம்பு தேய்ந்த அளவு ஆகியவற்றைப் பதிய வேண்டும். தேய்மானத்தை விட்டுவிடாதீர்கள், கருவி கிடந்த இடத்திலேயே புதைந்ததா, நீர் இழுத்து வந்ததா என்பதற்கு அது முக்கியமான தடயம். கருவியை வரையும்போது இரு முகங்களும் ஒரு பக்கத் தோற்றமும் வேண்டும். ஒளி இடது மேல் மூலையிலிருந்து விழுவதாக வரைவது மரபு. நல்ல புகைப்படம் இருந்தாலும் வரையுங்கள். எந்தத் தழும்பு முதலில், எது அடுத்தது என்பதை வரையும் கைதான் கண்டுபிடிக்கும்.

களத்தில் ஒரு மீட்டர் சதுரம், சில சென்டிமீட்டர் அடுக்குகள், ஒவ்வொரு கருவிக்கும் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவை எந்திரத்தில் மூன்று அச்சு அளவு, அது கிடந்த திசை, சாய்வு. மண்ணைச் சல்லடையில் சலிக்காவிட்டால் சிறு துணுக்குகள் தப்பிவிடும். அவை இல்லாமல் கருவி அங்கேயே செய்யப்பட்டதா என்று சொல்வது கடினம். ஒட்டியிருக்கும் நுண்ணெச்சங்களைச் சோதிக்கப் போகும் கருவிகளைக் கழுவக் கூடாது.

காலக்கணிப்பு மாதிரியை எடுப்பதில் அதிகம் கெடுவது ஒளியால்தான். மண்மணிகள் கடைசியாக எப்போது வெயில் கண்டன என்று கணிக்கும் ஒளிர்வு முறைக்கு, வெட்டுமுகத்தைப் புதிதாகச் செதுக்கி, ஒளி புகாத குழாயை அடித்து இறக்கி, இரு முனைகளையும் உடனே கறுப்பாக மூட வேண்டும். ஒரு நொடி வெயில் பட்டாலும் மாதிரி பாழ். அண்டக்கதிர் முறை வேறு மாதிரி: மேற்பரப்பில் கிடந்த குவார்ட்சில் அண்டக்கதிர்களால் உருவான அலுமினியம்-26, பெரிலியம்-10 ஆகியவை கல் புதைந்த பின் வெவ்வேறு வேகத்தில் சிதையும். அந்த விகிதம்தான் கடிகாரம். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் கொசஸ்தலைப் படுகையிலுள்ள அதிரம்பாக்கத்தில் இதையும் மண்ணில் பதிந்த பழைய காந்தத் திசையையும் சேர்த்துப் பார்த்து, இரு முகமும் செதுக்கிய கைக்கோடரிகள் குறைந்தது 10.7 லட்சம், சராசரியாக 15.1 லட்சம் ஆண்டு பழையவை என்று 2011இல் வெளியிட்டார்கள். அதே இடத்தில், சில்லுக் கருவிகள் மேலோங்கிய இடைப் பழங்கற்காலம் ஏறக்குறைய 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்ற 2018 முடிவு ஒளிர்வு முறையில் கிடைத்தது.

வேலை குறைவு என்பதை அறிந்தே வாருங்கள். இந்தியத் தொல்லியல் துறைக்கு யுபிஎஸ்சி, மாநிலத் துறைக்கு டிஎன்பிஎஸ்சி, கல்லூரிக்கு நெட் தேர்வு, ஆய்வுக்கு முனைவர் பட்டம். இடைப்பட்ட ஆண்டுகளில் கியூஜிஐஎஸ் (நிலப்பட ஆய்வு), ஆர் (புள்ளியியல்) ஆகிய இரண்டு மென்பொருள்களும் தெரிந்தவருக்குத் திட்ட வேலைகள் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

அனுமதியின்றித் தோண்டக் கூடாது. தரையில் கைக்கோடரி ஒன்றைக் கண்டால், அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், ஜிபிஎஸ் புள்ளியையும் சுற்றியுள்ள மண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், மாநிலத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். கல் அங்கேயே இருக்கட்டும். பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த பின், அது எந்த அடுக்கிலிருந்து வெளிவந்தது என்ற கேள்விக்கு யாராலும் விடை சொல்ல முடியாது.