தன்பாலீர்ப்பை குற்றமாக்குற சட்டமும் விளையாட்டும்: இதைப் பத்தி பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு உலகக்கோப்பை, ஒலிம்பிக்ஸ், காமன்வெல்த் வரும்போதும் இந்த சண்டை ஒரு ரவுண்டு வந்துட்டு போகும். "கே-யா இருந்தா ஜெயில்ல போடுற நாட்டுல எதுக்குய்யா போட்டி நடத்துறீங்க"ன்னு ஒரு கோஷ்டி, "விளையாட்டுல அரசியலை கலக்காதீங்க"ன்னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பக்கமும் சொல்றதுல பாதி தகவல் தப்பா இருக்கும், போட்டி முடிஞ்சதும் எல்லாரும் அடுத்த டாபிக்குக்கு போயிடுவாங்க. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். விளையாட்டால கொஞ்சம் உதவ முடியும், ஆனா ரொம்ப குறுகலான ஒரு இடத்துல தான், அதுவும் போட்டி யாருக்குன்னு முடிவாகுறதுக்கு முன்னாடி தான். அதுக்கப்புறம் பண்றதுல பெரும்பாலும் போட்டோ தான் மிஞ்சும்.

சரி, அடிக்கடி பண்ற தப்புகளுக்கு வருவோம்.

"இதெல்லாம் முஸ்லிம் நாட்டு பிரச்சனை"

கத்தார் உலகக்கோப்பை சமயத்துல இதை கேட்டு கேட்டு காது புளிச்சுப்போச்சு. கத்தார்ல, சவூதியில, ஈரான்ல சட்டம் கொடூரமா தான் இருக்கு, அதுல மாற்றுக்கருத்து இல்ல. ஆனா 2022ல பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி நடந்தப்போ 56 உறுப்பு நாடுகள்ல 35 நாட்டுல ஓரினச்சேர்க்கை குற்றம், அதுல ஜமைக்கா, பார்படோஸ், கென்யா, உகாண்டா மாதிரி சர்ச் கூட்டம் நிறைஞ்ச நாடுகள் ஏகப்பட்டது இருந்துச்சு. இந்த நாடுகளுக்கெல்லாம் பொதுவா இருந்தது பிரிட்டிஷ்காரன் போட்ட சட்டம். 1860ல இந்திய தண்டனைச் சட்டத்துல 377வது பிரிவா எழுதுனது தான் மலேசியா, சிங்கப்பூர், ஆப்பிரிக்க காலனிகள்னு ஊர் ஊரா போச்சு, சில இடத்துல நம்பர் கூட மாறல. மலேசியாவுல இன்னைக்கும் 377ன்னு தான் இருக்கு. இன்னொரு பக்கம் துருக்கியிலயும் ஜோர்டான்லயும் இப்படி ஒரு சட்டம் கிடையாது, அதை யாரும் சொல்றதே இல்ல. 2018 ஏப்ரல்ல லண்டன்ல காமன்வெல்த் தலைவர்கள் கூடுனப்போ அப்போ பிரிட்டன் பிரதமரா இருந்த தெரசா மே இந்த காலனி சட்டங்களுக்காக வருத்தம் தெரிவிச்சாங்க. அதுக்கு சில நாள் முன்னாடி தான் கோல்ட் கோஸ்ட்ல டைவிங் தங்கம் ஜெயிச்ச இங்கிலாந்து வீரர் டாம் டேலி, நான் நானா இருக்கறதே 37 காமன்வெல்த் நாட்டுல குற்றம்னு பேசியிருந்தார்.

"சட்டம் புத்தகத்துல தான் இருக்கு, யாரையும் ஒண்ணும் பண்றதில்ல"

இது தான் எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற தப்பு, ஏன்னா கேட்கும்போது நியாயமா தோணும். இலங்கையையே எடுத்துக்கோங்க. 1883ல வந்த தண்டனைச் சட்டம், 365, 365ஏ பிரிவுகள். 1995ல திருத்தும்போது இன்னும் விரிச்சு பெண்களையும் உள்ள கொண்டு வந்துட்டாங்க. 2023ல இதை நீக்க ஒரு தனிநபர் மசோதா வந்தப்போ, அது அரசியலமைப்புக்கு முரண் இல்லன்னு உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு, ஆனாலும் சட்டம் அப்படியே கிடக்கு.

இப்போ 2025 மகளிர் கிரிக்கெட் உலகக்கோப்பைக்கு வாங்க. கொழும்புல இங்கிலாந்து - இலங்கை மேட்ச், நாட் சிவர்-பிரண்ட் 117 அடிச்சாங்க. அவங்க கல்யாணம் பண்ணியிருக்கறது கூட ஆடுன கேத்ரின் பிரண்டை தான், பேரையே ரெண்டு பேரும் சேர்த்து வெச்சுக்கிட்டாங்க, ஸ்கோர்போர்டுலயே அந்த பேர் தான் ஓடுது. அந்த ஊர் சட்டப்படி பாத்தா அந்த வாழ்க்கையே குற்றம். யாரும் ஒண்ணும் பண்ணல, பண்ணவும் மாட்டாங்க, ஏன்னா அவங்க இங்கிலாந்து கேப்டன். இதை பாத்துட்டு "பாத்தியா, ஒரு பிரச்சனையும் இல்ல"ன்னு முடிவுக்கு வர்றது தான் தப்பு. வெளிநாட்டு ஸ்டார் சில நாள் நல்ல ஹோட்டல்ல தங்கிட்டு போறதும், அதே கொழும்புல வாடகை வீட்டுல ரெண்டு பொண்ணுங்க சேர்ந்து இருக்கறதும் ஒண்ணு கிடையாது. இந்த மாதிரி சட்டத்துல கேஸ் கோர்ட் வரைக்கும் போகணும்னே அவசியம் இல்ல. ஸ்டேஷனுக்கு கூட்டிட்டு போய் "வீட்டுல சொல்லிடவா"ன்னு மிரட்டுனா போதும், காசு தானா வரும். வீட்டை காலி பண்ண சொல்ற ஓனருக்கும், போனை பிடுங்குற போலீசுக்கும், புகார் குடுக்க பயப்படுறவனுக்கும் சட்டம் முழு உயிரோட தான் இருக்கு. இந்தியாவுல 2018க்கு முன்னாடி நடந்ததும் இதே தான். 2001ல லக்னோவுல எச்ஐவி தடுப்பு வேலை பாத்துட்டு இருந்தவங்களையே 377ஐ சொல்லி உள்ள தள்ளுனாங்க.

பட்டையும் கொடியும் போட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கறது

கத்தார்ல ஏழு ஐரோப்பிய அணிகள் பாகுபாட்டுக்கு எதிரான 'ஒன் லவ்' கைப்பட்டை கட்டிட்டு இறங்குறோம்னு மாசக்கணக்கா சொல்லிட்டு இருந்தாங்க. 2022 நவம்பர் 21, இங்கிலாந்து முதல் மேட்ச் ஆரம்பிக்க சில மணி நேரம் இருக்கறப்போ, கட்டுனா கேப்டனுக்கு மஞ்சள் கார்டுன்னு ஃபிஃபா சொல்லுச்சு, ஏழு அணியும் கட்டாமலே விட்டுட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு ஜெர்மனிக்காரங்க டீம் போட்டோவுல வாயை பொத்திக்கிட்டு நின்னாங்க, அப்புறம் ஜப்பான் கிட்ட தோத்தாங்க. போட்டி தொடங்குறதுக்கு முந்தின நாளே ஃபிஃபா தலைவர் இன்ஃபான்டினோ வந்து "இன்னைக்கு நான் கே-யா உணர்றேன்"னு வேற பேசிட்டு போனார். உலகம் முழுக்க ரெண்டு வாரம் இதே பேச்சு. போட்டிக்கு ஒரு மாசம் முன்னாடி, கத்தார்ல எல்ஜிபிடி ஆட்களை பாதுகாப்புத் துறை பிடிச்சு வெச்சு அடிச்சதா ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் விவரமா வெளியிட்டிருந்துச்சு, அதைப் பத்தி பேசுனவங்க கைப்பட்டையைப் பத்தி பேசுனவங்கள்ல கால்வாசி இருப்பாங்களான்னு சந்தேகம். போட்டி முடிஞ்சது, சட்டத்துல ஒரு வரி கூட மாறல.

கொடி காட்டறது வீண்னு நான் சொல்லல. பர்மிங்காம் தொடக்க விழாவுல டாம் டேலி காமன்வெல்த் பேட்டனை (ஒலிம்பிக் ஜோதி மாதிரி) தூக்கிட்டு வந்தப்போ பின்னாடி வானவில் கொடி பிடிச்சுட்டு வந்தவங்கள்ல இந்தக் குற்றம் இருக்கற நாட்டுக்காரங்களும் இருந்தாங்க, அதை தன் ஊர் டிவியில பாத்த ஒரு பையனுக்கு அது பெரிய விஷயம். அது ஆறுதல். சட்டத்தை அசைக்கற வேலை வேற.

சட்டம் போனதுக்கு விளையாட்டு தான் காரணம்னு கிரெடிட் குடுக்கறது

2019 பிப்ரவரி, செயின்ட் லூசியா டெஸ்ட். வெஸ்ட் இண்டீஸ் பவுலர் ஷானன் கேப்ரியல் ஏதோ சொல்ல, இங்கிலாந்து கேப்டனா இருந்த ஜோ ரூட் "அதை ஒரு திட்டா யூஸ் பண்ணாத, கே-யா இருக்கறதுல ஒண்ணும் தப்பில்ல"ன்னு சொன்னது ஸ்டம்ப் மைக்ல கேட்டுச்சு. கேப்ரியலுக்கு நாலு ஒன்டே தடை. ரூட் நின்னுட்டு இருந்த அந்த தீவுல அப்போ அது ஜெயில் தண்டனைக்குரிய குற்றம்ங்கறதை கமென்டரியில இருந்து நம்ம கிரிக்கெட் குரூப்புகள் வரைக்கும் யாரும் கவனிச்ச மாதிரி தெரியல. 2025 ஜூலைல அங்க ஹைகோர்ட் அந்த சட்டத்தை தூக்கி போட்டுச்சு. உடனே ரூட் கிளிப்பை போட்டு "அப்பவே சொன்னாரு"ன்னு கிளம்பிட்டாங்க சிலர். அடப்போங்கப்பா. அது கிழக்கு கரீபிய தீவுகள்ல இருக்கற அமைப்புகள் சேர்ந்து, எந்த தீவுல எந்த வழக்குன்னு திட்டம் போட்டு, கோர்ட்டுக்கு போக தைரியம் இருக்கற மனுதாரர்களை தேடிப் பிடிச்சு பல வருஷம் நடத்துன வேலை. 2022ல ஆன்டிகுவா, செயின்ட் கிட்ஸ், பார்படோஸ், 2024ல டொமினிகா, அப்புறம் செயின்ட் லூசியா, எல்லாமே கோர்ட் தீர்ப்பு. மொரிஷியஸ் 2023ல, அதுவும் கோர்ட் தான். சிங்கப்பூர்ல மட்டும் நாடாளுமன்றமே 2022 கடைசியில 377ஏவை நீக்குச்சு.

கோர்ட் வழியும் ஒரே நேர்கோடு இல்ல. டிரினிடாட்ல 2018ல போன சட்டம் 2025 மார்ச்ல அப்பீல்ல திரும்பி வந்துச்சு. நம்ம நாட்டுலயும் அதே கதை. 2009ல டெல்லி ஹைகோர்ட் 377ஐ தளர்த்துச்சு, 2010ல டெல்லியில காமன்வெல்த் போட்டி ஜாம் ஜாம்னு நடந்துச்சு, 2013ல சுப்ரீம் கோர்ட் திரும்ப குற்றம்னுடுச்சு, 2018 செப்டம்பர் 6 தான் கடைசியா முடிஞ்சது. இந்த வழியில அந்த காமன்வெல்த் போட்டிக்கு எந்த பங்கும் இல்ல.

"உலகமே பாத்துட்டு இருக்கு, அதனால அரசாங்கம் அடங்கி நடக்கும்"

1998 செப்டம்பர், கோலாலம்பூர். ஆசியாவுல நடந்த முதல் காமன்வெல்த் போட்டி, நமக்கு சச்சின் அங்க போய் ஆடுனது ஞாபகம் இருக்கும். போட்டி தொடங்க சில நாள் இருக்கறப்போ துணைப் பிரதமர் அன்வார் இப்ராகிமை பிரதமர் மகாதீர் பதவியில இருந்து தூக்குனார். நிறைவு விழாவுக்கு முந்தின நாள், 20ஆம் தேதி ராத்திரி, அன்வாரை வீடு புகுந்து கைது பண்ணாங்க. எலிசபெத் ராணி விழாவுக்காக ஊர்ல இருக்காங்க, உலக பத்திரிகை மொத்தமும் இருக்கு. அப்பவும் கைது நடந்துச்சு, காவல்ல அடி விழுந்துச்சு, கண்ணு கருத்துப்போய் கோர்ட்டுக்கு வந்தார். அதுக்கப்புறம் போட்ட வழக்குல ஒண்ணு இந்த 377 தான். அரசியல் எதிரியை முடிக்கறதுக்கு இந்த சட்டம் எவ்வளவு வசதின்னு மலேசியத் தமிழர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. 2004ல அந்த தண்டனை ரத்தாச்சு, 2008ல அதே மாதிரி இன்னொரு வழக்கு, 2015ல திரும்ப ஜெயில், 2018ல மன்னிப்பு, 2022ல அவரே பிரதமர். ரெண்டு தடவை அந்த சட்டத்துல அடிபட்டவர் பிரதமரானப்புறம் எல்ஜிபிடியை ஏத்துக்கவே மாட்டோம்னு பேசுறார். சட்டம் இன்னைக்கும் இருக்கு, இருபது வருஷம் வரைக்கும் சிறை, கூட பிரம்படி.

"தென்னாப்பிரிக்காவை ஒதுக்கி வெச்ச மாதிரி ஒதுக்கிடலாமே"

நல்ல எண்ணத்துல சொல்றது தான், ஆனா பொருந்தாது. அங்க விளையாட்டுக்குள்ளயே நிறவெறி இருந்துச்சு, கருப்பர் வெள்ளையர் ஒரே டீம்ல ஆடவே முடியாது, அதனால விளையாட்டு அமைப்புகளுக்கு நேரடியா கேள்வி கேட்க உரிமை இருந்துச்சு. நிறவெறியை எதிர்த்த கவிஞர் டென்னிஸ் புரூட்டஸ் மாதிரி அந்த நாட்டு ஆட்களே எங்களை புறக்கணிங்கன்னு கேட்டாங்க, ரக்பி கிரிக்கெட் இல்லாம வெள்ளைக்காரனுக்கு தூக்கம் வராது, ஒதுக்குனது ஒரே ஒரு நாட்டை. இங்க 60க்கு மேற்பட்ட நாடு. காமன்வெல்த்ல இந்த நாடுகளை எல்லாம் வெளிய அனுப்புனா மீதி பேரை வெச்சு என்னத்த போட்டி நடத்தறது. அதை விட பெருசு, உள்ளூர் ஆட்கள் பெரும்பாலும் புறக்கணிப்பு கேட்கறதே இல்ல. 2011ல இப்படி சட்டம் வெச்சிருக்கற நாடுகளுக்கு உதவி நிதியை நிறுத்துவோம்னு பிரிட்டன் மிரட்டுனப்போ ஆப்பிரிக்க செயற்பாட்டாளர்களே சேர்ந்து அறிக்கை விட்டாங்க, பழி எங்க தலையில தான் விழும்னு. உகாண்டா 2023ல மரண தண்டனை வரைக்கும் போற சட்டம் போட்டப்போ உலக வங்கி புதுக்கடனை நிறுத்துச்சு, சட்டம் அசையல, 2025ல வங்கி தான் இறங்கி வந்துச்சு. உலக வங்கி பணத்தாலயே முடியாததை ஒரு ரிலே டீம் வராம போனா சாதிச்சுடுமா?

எல்லாத்தையும் ஒரே பைல போட்டு குலுக்கறது

இதை சுருக்கமா சொல்லிடறேன். ரஷ்யாவுல தன்பாலுறவு 1993லயே குற்றம் இல்லன்னு ஆயிடுச்சு, சோச்சி ஒலிம்பிக்ஸ் சமயத்துல சண்டை வந்தது சின்னப் பசங்க காதுல தன்பாலுறவைப் பத்தி நல்லவிதமா பேசக்கூடாதுன்னு 2013ல போட்ட 'பிரச்சார' தடைச் சட்டத்துக்கு. அது கம்மியான கொடுமை கிடையாது, ஆனா வேற சட்டம். அந்த சண்டையால 2014 டிசம்பர்ல பாகுபாடு கூடாதுன்னு சொல்ற ஒலிம்பிக் சாசனத்தோட 6வது கொள்கையில பாலியல் நாட்டமும் சேர்ந்துச்சு. ஒலிம்பிக் கமிட்டி தன் வீட்டை கொஞ்சம் திருத்திக்கிச்சு, ரஷ்யா 2022லயும் 2023லயும் இன்னும் மோசமாயிடுச்சு.

அதே மாதிரி நம்ம புதுக்கோட்டை ஓட்டப்பந்தய வீராங்கனை சாந்தி 2006 தோஹாவுல வாங்குன வெள்ளியை பாலின பரிசோதனைன்னு சொல்லி பறிச்சதை இந்த பேச்சுல கொண்டு வராதீங்க. அது உடம்புல இருக்கற ஹார்மோன், குரோமோசோம் சம்பந்தப்பட்ட அநியாயம், யாரை காதலிக்கிறாங்கங்கறது இல்ல. ஒடிசா ஓட்டப்பந்தய வீராங்கனை டூட்டி சந்த் விஷயத்துல ரெண்டும் இருக்கறதால குழப்பம் வருது. 2014ல அவங்களை டீம்ல இருந்து எடுத்தது ஹார்மோன் அளவை சொல்லி, 2019ல ஒரு பொண்ணோட உறவுல இருக்கேன்னு சொன்னது தனி. 377 போய் சில மாசத்துல தான் அவங்களால அதை வெளிய சொல்ல முடிஞ்சுதுங்கறதையும் கவனிங்க. அங்க சட்டம் முன்னாடி போச்சு, வீராங்கனை பின்னாடி வந்தாங்க.

கேள்வியை லேட்டா கேட்கறது

என்னைப் பொறுத்தவரை இருக்கறதுலயே பெரிய தப்பு இது. ஒரு நாட்டுக்கு போட்டி வேணும்னு ஆசை இருக்கற வரைக்கும் தான் ஃபிஃபா கிட்டயோ ஐசிசி கிட்டயோ பிடி இருக்கு. கையெழுத்து ஆனப்புறம் பிடி அந்த நாட்டு கைக்கு போயிடும். கத்தாருக்கு குடுத்தது 2010 டிசம்பர், கைப்பட்டை சண்டை 2022 நவம்பர், நடுவுல பன்னெண்டு வருஷம். அங்க போற கே ரசிகர்கள் உடலுறவை தவிர்க்கட்டும்னு 2010லயே அப்போதைய ஃபிஃபா தலைவர் பிளாட்டர் சிரிச்சுக்கிட்டே சொன்னார், அப்புறம் மன்னிப்பு கேட்டார், அதோட சரி. ஏலம் கேட்கும்போதே மனித உரிமை நிபந்தனை இருக்கணும்னு ஃபிஃபா பிற்பாடு விதி எல்லாம் போட்டுச்சு. 2034 உலகக்கோப்பைக்கு சவூதி மட்டும் தான் களத்துல நின்னுச்சு, மனித உரிமை ரிஸ்க் 'மீடியம்'னு மார்க் போட்டாங்க, 2024 டிசம்பர் 11 ஆன்லைன் கூட்டத்துல கைதட்டியே முடிச்சுட்டாங்க. அன்னைக்கே 2030ஐ ஸ்பெயின், போர்ச்சுகல் கூட மொராக்கோவுக்கும் சேர்த்து குடுத்தாங்க. மொராக்கோவுல தன்பாலுறவை குற்றமாக்குற 489வது பிரிவு இருக்கு, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். சவூதியைப் பத்தி கத்துறவங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஏலத்துக்கு முன்னாடி கேட்கறதுன்னா சட்டத்தை மாத்துன்னு மிரட்டறது கிடையாது, அது நடக்கவும் நடக்காது. போட்டி வேலையா இருக்கற உள்ளூர் ஆட்கள், தன்னார்வலர்கள், ரசிகர்களை இந்த பிரிவுல பிடிக்க மாட்டோம்னு எழுத்துல வாங்கறது, புகார் குடுக்க போலீஸ் இல்லாத ஒரு வழி வைக்கறது, உள்ளூர் அமைப்பு என்ன கேட்குதோ அதை கேட்கறது, அவங்க சும்மா இருங்கன்னு சொன்னா சும்மா இருக்கறது. கேட்க சின்னதா இருக்கும், ஆனா விளையாட்டு அமைப்பு கையில நிஜமாவே இருக்கற அதிகாரம் இவ்வளவு தான்.

உகாண்டா அந்த சட்டத்துல கையெழுத்து போட்டது 2023 மே. அதே வருஷம் செப்டம்பர்ல 2027 ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையை கென்யா, தான்சானியா, உகாண்டா மூணுக்கும் சேர்த்து குடுத்தாங்க. மூணு நாட்டுலயும் ஓரினச்சேர்க்கை குற்றம். அங்க மேட்ச் ஆரம்பிக்கற அன்னைக்கு கைப்பட்டை தேடுறதுக்கு பதிலா, அந்த ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்குன்னு இப்பவே யாராவது கேளுங்க.