டெர்ம் மாறியில் கை வைக்கும் முன்

புதிதாக சர்வர் வேலைக்கு வந்த ஒருவர், விம் எடிட்டரின் வண்ண அமைப்பை மூன்றாவது முறையாக மாற்றிக்கொண்டிருந்தார். பின்னணி நிறம் திட்டுத்திட்டாகத் தெரிகிறதாம். அதை விட்டுவிட்டு, பாஷ் ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பைத் திறக்கச் சொன்னேன். நினைத்தபடியே டெர்ம் மாறியை அமைக்கும் அந்த வரி இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய அதே வரி.

இந்த மாறியில் நாம் செய்யும் தவறுகள்தான் கீழே உள்ளவை. எழுத்துப்பிழைகளைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவற்றைப் பெரும்பாலும் நிரல்களே சொல்லிவிடும்.

பாஷ்ஆர்சியில் டெர்மை எழுதி வைப்பது

அந்த வரி டெர்ம் மாறிக்கு 'எக்ஸ்டெர்ம்-256கலர்' என்ற மதிப்பைக் கொடுக்கிறது. நிறம் வந்துவிடும், மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் டெர்ம் என்பது நிறத்துக்கான சுவிட்ச் அல்ல. எதிரில் இருப்பது எந்த வகை டெர்மினல் என்று நிரல்களுக்குச் சொல்லும் பெயர். எத்தனை நிறம் உண்டு, வரியை எப்படித் துடைப்பது, ஹோம் விசையை அழுத்தினால் என்ன குறியீடு வரும் என்பதையெல்லாம் நிரல்கள் அந்தப் பெயரை வைத்தே டெர்மின்ஃபோ தரவுத்தளத்தில் தேடிக்கொள்கின்றன. பெயரைச் சொல்ல வேண்டியது டெர்மினல். நடுவில் நாம் புகுந்து வேறு பெயர் சொன்னால், பொய் சாட்சிதான்.

ஒரே டெர்மினலுக்குள் பல ஷெல்களைத் திறந்துவைக்கும் டிமக்ஸ் நிரலுக்குள் அந்தப் பெயர் 'டிமக்ஸ்' அல்லது 'ஸ்கிரீன்' என்று தொடங்க வேண்டும். டிமக்ஸ் சரியாகத்தான் வைக்கும். அடுத்த நொடியே பாஷ்ஆர்சி அதை அழித்துவிடும். எனக்கு ஹோம், எண்ட் விசைகள் சில நிரல்களில் செத்துப்போயின. விசைப்பலகையைச் சந்தேகித்து புதிதாக ஒன்று வாங்கினேன். இன்றும் அந்தச் செலவை நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

அதோடு நிற்கவில்லை. அதே கோப்பை எல்லா சர்வர்களுக்கும் ஒரு ஸ்கிரிப்ட் மூலம் பரப்பியிருந்தேன். ஒரு நாள் இரவு ஓர் இயந்திரத்தில் நெட்வொர்க் அறுந்து, நேரடியாக மானிட்டர் முன் உட்கார வேண்டியதாயிற்று. அங்கே பெயர் 'லினக்ஸ்' என்று இருந்திருக்க வேண்டும். எஃப்1 முதல் எஃப்5 வரை லினக்ஸ் கன்சோல் அனுப்பும் குறியீடு வேறு, எக்ஸ்டெர்ம் அனுப்புவது வேறு. அவசரத்தில் எஃப்3 அழுத்தினால் திரையில் குப்பை விழுந்தது.

தீர்வு சுலபம். அந்த வரியை நீக்குங்கள். டெர்மினலின் சொந்த அமைப்பில் எக்ஸ்டெர்ம்-256கலர் வையுங்கள். டிமக்ஸின் டிஃபால்ட்-டெர்மினல் அமைப்பில் டிமக்ஸ்-256கலர். பழைய இயந்திரத்தில் அந்தப் பெயர் இல்லையென்றால் ஸ்கிரீன்-256கலர்.

சர்வர் அறியாத பெயருடன் உள்ளே போவது

கிட்டி டெர்மினல் தன்னை 'எக்ஸ்டெர்ம்-கிட்டி' என்று சொல்லிக்கொள்ளும். தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் அந்தப் பெயரை மறுமுனைக்கு எடுத்துச் செல்லும். அதன் டெர்மின்ஃபோ பதிவை எடுத்துச் செல்லாது. உங்கள் கணினியில் இன்ஃபோசிஎம்பி கட்டளையால் பதிவை எடுத்து, சர்வரில் டிக் கட்டளையால் ஏற்றிவிடுங்கள். ரூட் அனுமதி வேண்டாம், உங்கள் ஹோம் அடைவிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

பாதுகாப்புக்காக விடி100 வைப்பது

அது டெக் நிறுவனம் 1978-இல் கொண்டுவந்த டெர்மினல். நிறம் கிடையாது.

டிபுட் கலர்ஸ் 256 காட்டுகிறது என்று நிம்மதி அடைவது

டிபுட் கலர்ஸ் என்பது நிறங்களின் எண்ணிக்கையைக் காட்டும் கட்டளை. அது டெர்மின்ஃபோ தரவுத்தளத்தைப் படிக்கிறது. உங்கள் திரையைப் பார்ப்பதில்லை.