மாதவிடாயும் வயிறும்: ஒரே கொப்பியில் எழுதிப் பாருங்கள்

மாதவிடாய் வருவதற்கு நாலைந்து நாள் முன்னால் வயிறு ஊதி மலம் இறுகிப்போவதும், வந்த அன்று காலையிலேயே வயிற்றால் போகத் தொடங்குவதும் எங்கள் பக்கத்தில் நிறையப் பெண்களுக்கு உண்டு. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் வேலைக்குப் போன காலத்தில், வழியில் கழிவறைக்கு எங்கே போவது என்ற பயத்தில் அந்த நாட்களில் நான் காலையில் சாப்பிடுவதே இல்லை. ஐபிஎஸ் (IBS, குடலில் வேறு நோய் தெரியாமலே வயிற்று வலியும் மலச்சிக்கலோ வயிற்றோட்டமோ அடிக்கடி வந்துபோகும் கோளாறு) என்று மருந்து தந்தார்கள். மாதவிடாயைப் பற்றி யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

காரணம் இதுதான். கருமுட்டை வெளியான பிறகு புரொஜெஸ்டரோன் என்ற ஹோர்மோன் கூடும், அது குடல் தசையைத் தளர்த்தி உணவை மெதுவாக நகர வைக்கும், அதனால்தான் ஊதலும் மலச்சிக்கலும். மாதவிடாய் தொடங்கும்போது அது இறங்கிவிடும், கருப்பையில் புரொஸ்டாகிளான்டின் சுரக்கும், கருப்பையைச் சுருக்கும் அந்தப் பொருள் பக்கத்திலுள்ள குடலையும் சேர்த்துச் சுருக்கிவிடும். ஐபிஎஸ் உள்ளவர்களின் குடல் ஏற்கெனவே சின்ன அசைவையும் வலியாக உணரும், இந்த நாட்களில் இன்னும் அதிகமாக உணரும். இது உங்கள் கற்பனை இல்லை.

சரி, செய்ய வேண்டியது.

முதலில் ஒரு சீஆர் கொப்பி எடுங்கள். இரத்தம் பட்ட முதல் நாள்தான் 1ஆம் நாள், கலண்டர் திகதியோடு அந்த எண்ணையும் எழுதுங்கள். இதை விட்டால் மற்றதெல்லாம் வீண்.

அடுத்து, ஒவ்வொரு இரவும் வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண், மலத்துக்கு 1 முதல் 7 வரை ஒரு எண். பிரிஸ்டல் அளவு என்று டொக்டர்மார் சொல்வது இதைத்தான்: 1 ஆட்டுப் புழுக்கை மாதிரி, 4 வழவழப்பாக வாழைப்பழம் மாதிரி, 7 வெறும் தண்ணீர். சாப்பாடு, தூக்கம் பற்றி ஒரு வரி போதும்.

குறைந்தது இரண்டு மாதவிடாய்ச் சுற்றுக்கு எழுதுங்கள், அதுவரை சாப்பாட்டை மாற்ற வேண்டாம், மாற்றினால் எது எதனால் என்று தெரியாமல் போய்விடும்.

அப்புறம் இரண்டு சுற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே நாட்களில் எண்கள் ஏறுகிறதா? அந்த நாட்களுக்கு மட்டும் முன்கூட்டியே தயாராகலாம். ஊதும் நாட்களில் தண்ணீரும் நடையும். வயிற்றால் போகும் நாட்களில் வெங்காயம், உள்ளி, பருப்பு, உறைப்பைக் குறையுங்கள். சட்டித் தயிரை எல்லோரும் விடத் தேவையில்லை, பாலைவிட அதில் லக்டோஸ் என்ற பால்சர்க்கரை குறைவு, உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று கொப்பியே சொல்லும். மாதவிடாய் வலிக்குப் போடும் மெஃபனமிக் அசிட் மாத்திரை புரொஸ்டாகிளான்டினைக் குறைக்கும், ஆனால் வெறும் வயிற்றில் வேண்டாம், அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் கேட்காமல் தொடவே வேண்டாம்.

மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், வலியோ வயிற்றோட்டமோ இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புதல், இரத்தசோகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் கொப்பி நிரம்பும்வரை காத்திருக்காமல் டொக்டரிடம் போங்கள். மாதவிடாய் நாளில் மலம் கழிக்கும்போது தாங்க முடியாத வலி, உடலுறவில் வலி இருந்தால் அது எண்டோமெட்ரியோசிஸாகவும் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) இருக்கலாம், ஐபிஎஸ் என்று சொல்லித் தள்ளிப்போடாதீர்கள். நேரே சொல்லக் கூச்சமாக இருந்தால் உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடம் முதலில் கொப்பியைக் கொடுங்கள், அவர் வாசித்துக்கொள்வார்.