இரண்டு வயதுக் குழந்தையுடன் கல்யாண மண்டபத்துக்கு

அழைப்பிதழ் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது முகூர்த்த நேரம். மண்டபம் எங்கே என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. மண்டபத்தில் எழும் அழுகையைப் பிடிவாதம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் பார்த்தவரையில் அது பெரும்பாலும் கெட்டுப்போன தூக்கம்தான். ஆகவே முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம் என இரண்டுக்கும் போகும் எண்ணத்தை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். 9 முதல் 10.30 வரையிலான முகூர்த்தம் கிடைத்தால் நான் யோசிப்பதே இல்லை. வரவேற்பு 7 மணிக்கு என்று அச்சிட்டிருந்தாலும் மணமக்கள் மேடையேற எட்டாகிவிடுகிறது. அதன் பிறகு ஒரு கையில் மொய்க் கவரும் மறு தோளில் தூக்கக் கலக்கத்தில் சிணுங்கும் குழந்தையுமாக, புகைப்படத்துக்கான வரிசையில் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும்.

பட்டுப் பாவாடை அழகுதான், ஆனால் சரிகையின் உள்பக்கம் குத்தும். உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை போட்டு, ஊக்குக்குப் பதிலாக நாடா வைத்துத் தைத்து, மண்டபத்து வாசலை அடைந்த பிறகு உடுத்திவிடுங்கள்.

வாசலிலேயே முதல் சோதனை காத்திருக்கும். பன்னீர் தெளித்து, சந்தனக் கிண்ணத்தை நீட்டி, அன்பு மிகுதியில் யாராவது ஒரு கற்கண்டைக் குழந்தையின் வாயில் போட்டுவிடுவார்கள். அது தொண்டையில் சிக்கக்கூடிய பண்டம். “நானே கொடுத்துக்கொள்கிறேன் அத்தை” என்று சொல்லிக் கையில் வாங்கிக்கொண்டால் அவர்கள் மனமும் நோகாது. பாயசத்தில் மிதக்கும் முழு முந்திரிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எல்லாவற்றையும்விடக் கடினமான கட்டம் கெட்டிமேளம். என் மகளுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது, தாலி கட்டுவதை நன்றாகப் பார்க்கலாம் என்று தவிலுக்கு மூன்றடி தூரத்தில் உட்கார்ந்தோம்; புரோகிதர் கையை உயர்த்தியதும் எழுந்த முழக்கத்தில் அவள் முகம் ஒரு கணம் உறைந்து, பிறகு போட்ட அலறல் அந்தக் கல்யாணத்தின் வீடியோவில் இன்றும் இருக்கிறது. இப்போதெல்லாம் வாத்தியக்காரர்களுக்கு எதிர்ப்புறத்தில், பின்வரிசையில், நடைபாதையை ஒட்டிய நாற்காலியில்தான் அமர்கிறோம். அதற்கு முந்தைய வாரத்தில் வீட்டில் நாதஸ்வர இசையை மெல்லிய ஒலியில் தினமும் சிறிது நேரம் கேட்கவிடுகிறோம். அட்சதை வந்ததும் பெரியவர்கள் எழுந்து நின்றுவிடுவதால், கீழே இருக்கும் குழந்தைக்குச் சத்தம் மட்டும் கேட்கும், ஒன்றும் தெரியாது. அந்த நேரத்தில் தோளில் தூக்கிக்கொண்டு, “இப்போது மேளம் பலமாக அடிக்கும்” என்று முன்கூட்டியே காதில் சொல்லிவிடுங்கள்.

பந்தியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. இலையின் நுனியைப் பிடித்து ஒரு முறை இழுத்தால் போதும், கொதிக்கும் ரசம் நேராக மடிக்கு வந்துவிடும். சாம்பார் வாளியுடன் விரைகிறவருக்கு முழங்கால் உயரத்தில் ஓடும் குழந்தை கண்ணில் படுவதும் இல்லை. குழந்தைக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த இட்லியையோ தயிர்சாதத்தையோ பந்திக்கு முன்பே ஊட்டிவிட்டு, கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பந்தியில் உட்காருங்கள். இருவரும் சேர்ந்து உட்காரவில்லையே என்று பெண் வீட்டார் குறைப்பட்டால் படட்டும்.

உறவினர்கள் கை நீட்டி அழைக்கும்போது குழந்தை உங்கள் தோளில் முகம் புதைத்தால், அதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. பன்னிரண்டு மணிக்குள் விடைபெற்றுவிட்டால் குழந்தை காரிலேயே தூங்கிவிடும். தாம்பூலப் பையை மட்டும் முன்பக்கம் வையுங்கள், அதிலிருக்கும் தேங்காய் உருண்டு கால்மாட்டில் இடித்துத் தூங்கிய குழந்தை எழுந்துவிட்ட அனுபவம் எங்களுக்கு உண்டு.