சர்டிபிகேட் வந்துச்சு, காளான் வரல

எங்க வீட்டு பீரோவுல ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கு, அதுல மொத்தம் ஏழு சர்டிபிகேட். காளான், தேனீ, நாட்டுக்கோழி, சிறுதானிய பலகாரம், மாங்காய் ஊறுகாய்னு எல்லாத்துக்கும் போயிருக்கேன், காசு பாத்தது ரெண்டே ரெண்டுலதான். மிச்சம் அஞ்சு ஏன் வீணா போச்சுன்னு யோசிச்சா சொல்லிக்குடுத்தவங்க மேல ஒரு தப்பும் இல்ல, நான் போன லட்சணம் அப்படி. இப்ப தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாவுல பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரை பக்கத்துல இருந்து பசங்க போன் பண்ணி "அண்ணா எந்த ட்ரெய்னிங் போலாம்"னு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி முடியல, அதான் இங்க எழுதிடலாம்னு.

முதல்ல எந்த வாசல்ல போய் நிக்கணும்னே பாதி பேருக்கு தெரியல. வேளாண் அலுவலகம் வேற, வேளாண் அறிவியல் நிலையம் வேற. மானியம், விதை, சொட்டுநீர் பதிவு இதெல்லாம் துறை ஆபீஸ். கத்துக்குறதுக்கு கேவிகேன்னு சொல்ற வேளாண் அறிவியல் நிலையம். நாட்டுலயே முதல் கேவிகே 1974ல புதுச்சேரில ஆரம்பிச்சது, அத அப்ப நடத்துனதே நம்ம கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம்தான். தருமபுரிக்காரங்களுக்கு அது பாப்பாரப்பட்டில இருக்கு (சுப்பிரமணிய சிவா கடைசி காலத்துல இருந்த அதே ஊர்தான்), கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு எலுமிச்சங்கிரில. 2004க்கு முன்னாடி ரெண்டும் ஒரே ஜில்லாவா இருந்த பழக்கத்துல இன்னும் சில பெருசுங்க மாத்தி மாத்தி போறாங்க. காவேரிப்பட்டணம் பக்கம் பையூர்ல இருக்கறது ஆராய்ச்சி நிலையம், கொள்ளுலயும் சாமையிலயும் பையூர் 2ன்னு ரகம் கேள்விப்பட்டிருப்பீங்களே, அது அங்க வந்ததுதான். ஆடு, மாடு, கோழின்னா முக்கியமா கால்நடை பல்கலைக்கழகம், அவங்களுக்கு தனியா பயிற்சி மையம் இருக்கு. இன்னொன்னு இந்தியன் வங்கி நடத்துற சுயவேலைவாய்ப்பு பயிற்சி நிலையம், அங்க தையல், செல்போன் ரிப்பேர்னு சாப்பாடோட இலவசமா சொல்லித்தருவாங்க, அதுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சம்பந்தம் இல்ல. ஆட்டுப் பண்ணை வைக்கணும்னு பாப்பாரப்பட்டிக்கு போய் அரை நாள் உக்காந்துட்டு வந்த ஆள எனக்கு தெரியும், அது நான்தான்.

சரி, காளானுக்கு வரேன். இதுல நான் பண்ணாத தப்பு இல்ல.

யூடியூப்ல ஒருத்தர் மாசம் எழுபதாயிரம்னு சொன்னாரு, அத பாத்துட்டு பிப்ரவரி கடைசில ஒரு நாள் பயிற்சிக்கு போனேன், மார்ச்ல ஷெட் போட்டேன், அதுவும் தகர ஷீட்டு. போட்டது சிப்பிக் காளான். சிப்பிக்கு 25 டிகிரி பக்கத்துல இருக்கணும், காத்துல ஈரப்பதம் எண்பது சதவீதத்துக்கு மேல வேணும். பாலக்கோட்டுல ஏப்ரல் மாசம் தகர ஷீட்டுக்கு கீழ என்ன இருக்கும்னு நீங்களே நினைச்சு பாத்துக்கங்க. சாக்கு நனைச்சு தொங்கவிட்டேன், மணல் கொட்டி தண்ணி ஊத்துனேன், காளான் வளர்ற வைக்கோல் பெட்டுல பாதிக்கு மேல பச்சைப் பூசணம் புடிச்சிருச்சு. மிச்சம் வந்த காளானையும் கடைக்காரர் ரெண்டு பாக்கெட்டுக்கு மேல வாங்க மாட்டேன்னுட்டாரு, ஏன்னா சிப்பி ஒரு நாள் தாண்டுனா வாடிரும், நாங்க மூணு வேளையும் அதையே தின்னோம். இதுல கொடுமை என்னன்னா பயிற்சி அன்னைக்கே அந்த மேடம் தெளிவா சொன்னாங்களாம், சமவெளில வெயில் காலத்துக்கு பால் காளான் போடுங்க, அது 30ல இருந்து 35 டிகிரி வரைக்கும் தாங்கும், பறிச்சு மூணு நாலு நாள் வச்சும் விக்கலாம்னு. எனக்கு ஞாபகமே இல்ல. கூட வந்த பையன் நோட்டுல எழுதி வச்சிருந்தான், நான் அந்நேரம் போட்டோ எடுத்துட்டு இருந்தேன்.

அடுத்த வருஷம் மறுபடி போய், வெக்கமே இல்லாம மொதல் பெஞ்சுல உக்காந்து, பால் காளானுக்கு மண் மூடாக்கு போடறத கைப்பட செஞ்சு பாத்துட்டு வந்தேன், கீத்துக் கொட்டகை, தரையில இருந்து ரெண்டடி பள்ளம். அதுல நின்னுச்சு. தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் இருக்கறவங்க சிப்பியே போடலாம், அங்க குளுமையான கிளைமேட், குடுத்து வச்சவங்க. ஆனா வைக்கோல் கணக்க யாரும் போடறதில்ல. நம்ம பக்கம் ராகித் தாளு கிடைக்கும், நெல்லு வைக்கோல் வெளில இருந்துதான் வரணும், வண்டி வாடகையோட சேத்து ஒரு கட்டு என்ன விலைன்னு முதல்லயே விசாரிச்சிட்டு பயிற்சிக்கு போங்க. நான் விசாரிக்கல.

அடுத்த தப்பு, பயிற்சிக்கு வெறுங்கையோட போறது. கிளாஸ் முடிஞ்சதும் "எதாவது சந்தேகம் இருக்கா"ன்னு கேப்பாங்க, எல்லாரும் மோட்டு வளைய பாப்போம். கைல பரிசோதனைக்கு நம்ம நிலத்து மண்ணு இருந்தா அப்பவே அங்கயே குடுத்து, எப்ப ரிசல்ட்டு, எவ்வளவு கட்டணம்னு கேட்டுட்டு வந்துரலாம், அந்த ரிசல்ட்ட வச்சிக்கிட்டு உரத்தப் பத்தி பேசலாம். ஆனா அந்த மண்ண எடுக்கறதுலயும் தப்பு பண்றாங்க. வரப்பு ஓரம், எருக்குப்பை கொட்டுன இடம், மரத்தடி, இப்பத்தான் உரம் போட்ட இடம் இதெல்லாம் வேணாம். கொல்லைல (நிலத்தத்தான் எங்க பக்கம் அப்படி சொல்வோம்) பத்துப் பதினஞ்சு இடத்துல வி வடிவத்துல குழி வெட்டி ஓரத்த சீவி எடுக்கணும், ராகி கடலைன்னா 15 சென்டிமீட்டர் ஆழம், மரவள்ளி காய்கறின்னா 22, மாந்தோப்புன்னா ஒரு அடி, ரெண்டு அடி, மூணு அடின்னு தனித்தனியா மூணு சாம்பிள். எல்லாத்தையும் கலந்து, நாலா பிரிச்சு, எதிரெதிர் ரெண்ட தள்ளி, மறுபடி பிரிச்சு அரை கிலோ வர்ற வரைக்கும் பண்ணணும். யூரியா சாக்குல கட்டி எடுத்துட்டு போனா எல்லாம் வீண், அந்த சாக்குல ஒட்டியிருக்கற உரமே ரிப்போர்ட்ட மாத்திரும். ஊத்தங்கரைல ஒரு தாத்தா இப்படித்தான் சாக்குல கொண்டு போயி "என் நிலத்துல தழைச்சத்து நெறையா இருக்கு"ன்னு வருஷம் பூரா சொல்லிட்டு திரிஞ்சாரு.

ஆள மாத்தி அனுப்பறதுதான் எனக்கு ரொம்ப எரிச்சலான விஷயம். எங்க சித்தப்பா வெள்ளாடு வளர்ப்பு பயிற்சிக்கு போனாரு. குட்டி சாவுது சார்னு எழுந்து கேட்டாரு. டாக்டர் திருப்பி கேட்டாரு, பொறந்து எத்தனாவது நாள், கழிச்சல் இருந்துச்சா, சீம்பால் எப்ப குடிச்சுது. சித்தப்பாவுக்கு ஒண்ணும் தெரியல, வெளில போய் சித்திக்கு போன் போட்டாரு. சித்திதான தினமும் ஆடு ஓட்டிட்டு போறது, குட்டி இழுக்கறது, தழை வெட்டறது எல்லாம். பொறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் குடிக்க விடணும், தொப்புள்கொடில டிஞ்சர் அயோடின் வைக்கணும், மழைக்கு முன்னாடி துள்ளுமாரி நோய்க்கு தடுப்பூசி போடணும்னு அன்னைக்கு சொன்னது எல்லாம் சித்தி காதுக்கு வந்து சேரும்போது "அதென்னமோ மருந்து வைக்கணுமாம்"னுதான் வந்துச்சு. அடுத்த தடவ சித்திய அனுப்ப சொன்னதுக்கு "பொம்பளைய எப்படி அவ்ளோ தூரம் தனியா"ன்னாரு. சித்தி வாராவாரம் பஸ் ஏறி சந்தைக்கு போறவங்க! வேல செய்றவங்க பேர்லயே பதிவு பண்ணுங்க, ஆதார், போட்டோ, பேங்க் பாஸ்புக் நகல் எல்லாம் அவங்களோடதே எடுத்துட்டு போங்க.

சர்டிபிகேட் கைக்கு வந்தா லோன் தானா வரும்னு நெனைக்கறது இன்னொன்னு. பேங்க்ல அது ஒரு பேப்பர், அவ்ளோதான், மிச்சத்துக்கு திட்ட அறிக்கை, கொட்டேஷன், இடத்துக்கான பத்திரம், பழைய கடன் பாக்கி இல்லங்கற சிபில் எல்லாம் பாப்பாங்க. அக்ரி படிச்ச பசங்களுக்கு வேளாண் மருத்துவ மையம்னு 45 நாள் பயிற்சி ஒண்ணு இருக்கு, அதுல பொதுவா 36 சதவீதம், பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 44 சதவீதம் மானியம்னு போட்டிருக்கும். அத பாத்துட்டு 45 நாள் முடிஞ்ச உடனே காசு வரும்னு ஒக்காந்திருக்காங்க, அந்த மானியம் பேங்க் கடனோட கட்டுனது, கடன் வாங்கலன்னா மானியமும் இல்ல. பலகாரத்துக்கும் இதே கதைதான். சாமைல நிப்பட்டு (தட்டை மாதிரி பலகாரம்) போட கத்துக்கிட்டு காவேரிப்பட்டணத்து நிப்பட்டுக்கே போட்டியா இறங்கலாம்னு அக்கா ஒருத்தங்க ஆரம்பிச்சாங்க, பயிற்சி சர்டிபிகேட்ட கடைச் செவுத்துல மாட்டுனா போதும்னு இருந்தாங்க. உணவுப் பாதுகாப்பு பதிவு தனி, பாக்கெட்டு மேல என்னென்ன அச்சடிக்கணும்கற விதி தனி.

உரக்கடை வைக்கறவங்க இத கொஞ்சம் கவனமா படிங்க. 15 நாள் சான்றிதழ் பயிற்சின்னு ஒண்ணு இருக்கு, அது உரம் விக்கிற லைசென்சுக்கான தகுதி மட்டும்தான், பூச்சிமருந்து விக்கறதுக்கு தகுதி வேற. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு கடைக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு முழிச்சவங்க இருக்காங்க. ஏற்கனவே கடை வச்சிருக்கறவங்களுக்கு தேசின்னு ஒரு டிப்ளமோ, ஐதராபாத்ல இருக்கற மேனேஜ்ங்கற மத்திய அரசு வேளாண் பயிற்சி நிறுவனம் 2003ல ஆரம்பிச்சது, 48 வாரம், வாரத்துக்கு ஒரு நாள், கடைக்கு லீவு விடற நாள்லயே கிளாஸ் வைப்பாங்க. பேருக்கு சேந்துட்டு கடைப் பையன அனுப்பறாங்க சில முதலாளிங்க, கண்டுபுடிச்சா உள்ளதும் போச்சு. எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் ஒழுங்கா போயி முடிச்சாரு, இப்ப தக்காளில இல சுருண்டா மூணு மருந்த கலந்து குடுக்காம "செடிய புடுங்கிட்டு வா பாக்கலாம்"ங்கறாரு, அதுக்கே அவர் கடைல கூட்டம்.

கோயம்புத்தூர்ல பல்கலைக்கழகத்துலயே மாசாமாசம் 5ஆம் தேதி காளான், 6ஆம் தேதி தேனீ பயிற்சி நடக்கும், அன்னைக்கு லீவுன்னா அடுத்த வேலை நாள், போன் பண்ணி கேக்காம ட்ரெயின் ஏறாதீங்க. தொலைநிலைக் கல்வில ஆறு மாச சான்றிதழ் படிப்புங்க தமிழ்லயே இருக்கு, அதையும் வீட்ல படுத்துட்டு முடிச்சிரலாம்னு நெனைக்காதீங்க, நேர்ல போக வேண்டிய வகுப்பு உண்டு. கண்டவங்க வாட்ஸ்அப்ல "அரசு சான்றிதழ், ஐயாயிரம் கட்டுனா போதும்"னு அனுப்புவாங்க, அதுல பல்கலைக்கழக பேரே இருந்தாலும் கேவிகேவுக்கு ஒரு போன் போட்டு உறுதி பண்ணாம பணம் அனுப்ப வேணாம்.

திரும்பி வந்த பிறகு நடக்கறதுதான் பாக்கி. கிளாஸ் எடுத்தவங்க நம்பர் குடுத்திருப்பாங்க, நாம மறுபடி பேசறதே இல்ல, பேசுனாலும் "சார் செடி ஒரு மாதிரி இருக்கு"ன்னு மொட்டையா ஒரு வரி. எத்தன நாள் பயிர், என்ன ரகம், கடைசியா என்ன அடிச்சீங்க, கொல்லைல எல்லாச் செடியுமா இல்ல ஒரு ஓரத்துல மட்டுமா, இந்த நாலையும் சொல்லுங்க. போட்டோன்னா வெயில் சாய்ஞ்சதுக்கப்புறம் இலையோட மேல்பக்கம் ஒண்ணு, அடிப்பக்கம் ஒண்ணு, அசுவிணியும் வெள்ளை ஈயும் அடிப்பக்கத்துலதான் ஒக்காந்திருக்கும். நேர்ல எடுத்துட்டு போறதா இருந்தா வேரோட புடுங்கி, மண்ண உதறி, பழைய பேப்பர்ல சுத்தி எடுத்துட்டு போங்க. நான் ஒரு தடவ கத்திரிச் செடிய பாலித்தீன் கவர்ல கட்டி பஸ்ல பாப்பாரப்பட்டி வரைக்கும் கொண்டு போனேன், பிரிச்சு பாத்தா உள்ள கொழகொழன்னு அழுகிப் போயி கிடக்கு, என்ன நோயின்னு அவங்களால சொல்ல முடியல, மறுபடி வீட்டுக்கு வந்து வேற செடி எடுத்துட்டு போக வேண்டியதா போச்சு.